நோவுக்கு மதிப்பெண்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளி படும் நோவை எவ்வாறு தணிப்பது என்பது குறித்து மேனாட்டு மருத்துவர்கள் எழுதிக் குவித்துள்ள ஆராய்ச்சிக் கட்டுரைகள் இன்று ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்து நிற்கின்றன. அவற்றைப் பற்றித் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் இப்பகுதியில் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆசிரியப் பயிற்சியும் முப்பது ஆண்டுப் பள்ளி அனுபவமுமே நான் கண்டவை. ஆயினும் அவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படையாக நிற்கும் கருவி ஒன்று உண்டு. அது எனக்கும் இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் நன்கு பழகிய கருவி. காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்க ஒரு பொறி இருக்கிறது. நோவை அளக்க இன்றுவரை எந்தப் பொறியும் வரவில்லை. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றே அளவுகோல். சொல்லே கருவியாயின், அக்கருவியின் கூர்மையையும் மழுக்கத்தையும் ஆராய்ந்து பார்க்க மொழியாசிரியனுக்கு உரிமை உண்டு என்பது என் துணிபு.

இத்துறையில் என்னைத் தள்ளியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டு, வயிற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது ஈண்டு வேண்டா. அங்கிருந்தோர் யாவரும் நல்லவர்களே. அன்னையார் மெர்லிமாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாதவர். சிகிச்சை முடிந்த மறுநாட் காலை, மலாய்த் தாதி ஒருத்தி, சிறு பெண், கட்டிலருகே வந்து நீண்ட அட்டை ஒன்றைக் காட்டினாள். அதில் 0 முதல் 10 வரை எண்கள். மேலே சிரிக்கும் முகமும் அழும் முகமும். "சாக்கிட் பெராப்பா, மாக்சிக்? கோசோங் சம்பாய் செபூலோ" என்று அன்பாகவே கேட்டாள். அன்னையார் சற்று எண்ணிப் பார்த்து, "டுவா" என்றார். ஏட்டில் 2 என்று பதிந்தது. தாதி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நண்பகலில் நான் பார்த்தபோது அவர் போர்வையின் ஓரத்தைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். 

"ரெண்டுன்னு ஏம்மா சொன்ன?"

"அது சின்னப் புள்ளப்பா. பத்துன்னு சொன்னா பயந்துக்காதா? இன்னும் எத்தன பேரப் பாக்கணும் அது."

"வலி எப்படித்தான் இருக்கு?"

"அசையாமக் கெடந்தா ஒண்ணுமில்ல. இருமினா உசுரு போவுது. மேல சுரீர்ன்னு இழுக்குது, உள்ளார கொடையுது."

அன்னையார் பொய் சொல்லவில்லை. அசையாது கிடந்தபோது கேட்டார்கள். அந்நிலைக்கு 2 என்பது மெய்யான விடைதான். வினாதான் முற்றுப்பெறவில்லை. டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் ஹென்றிக் கேலெட் என்பவர் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து வலியுறுத்தி வந்த கருத்தும் இதுவே. படுத்திருக்கையில் நோவு குறைவாயிருப்பது பெரிதன்று. இருமும்போதும், எழும்போதும், நடக்கும்போதும் தாங்கும் அளவில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நோவுக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுக்காதவருக்கு நெஞ்சில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். எழுந்து நடக்காதவருக்குக் காலில் இரத்தம் உறையும். ஆகவே நோவு தணிப்பது இரக்கச் செயல் மட்டுமன்று, சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவர் கொள்கை. 1993இல் அவரும் டால் என்பவரும் எழுதிய கட்டுரை ஒரே மருந்தைப் பெருக்கிக் கொடுப்பதை விடுத்து, பாராசிட்டமால், வீக்கம் தணிக்கும் மருந்து, மரத்துப்போகச் செய்யும் ஊசி எனப் பலவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொடுத்தால் மார்பின் போன்ற கடுமருந்தின் அளவைக் குறைக்கலாம் என்று காட்டியது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை அது.

இனி அந்த அட்டையைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு வலியை 'ஐந்தாம் உயிர்க்குறி' என அறிவித்தது. உடல் வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு ஐந்தாவதாக வலியையும் கேட்டு ஏட்டில் பதிய வேண்டும் என்பது ஆணை. நான் அதைக் குறைகூற வரவில்லை. அதற்கு முன் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வலியைப் பற்றிக் கேட்பாரே இல்லை. "பொறுத்துக்கோ" என்னும் டிரெசரின் ஒரு சொல்லே மருந்தாக இருந்த காலத்தை நம் முதியவர்கள் அறிவர். கேட்க வேண்டும் என்று ஓர் அரசு ஆணையிட்டது பெருமைக்குரியதே. கேட்கும் முறையில்தான் எனக்கு ஐயம்.

எண்ணால் அளப்பதன் இடர்ப்பாட்டை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் 60 இடுவார். அடுத்தவர் 45 இடுவார். ஆனால் அங்கே திருத்துவோர் இருவரும் தாளைப் பார்க்கிறார்கள். நோவு என்னும் தாளையோ எழுதியவர் ஒருவரே பார்க்க முடியும். மதிப்பெண் இடுபவரும் அவரே. பிறர் தாளை அவர் பார்த்ததில்லை. அவ்வாறிருக்க, ஒருவரின் 5 மற்றவரின் 5க்கு ஈடு என்று எவ்வாறு கொள்வது? ஆராய்ச்சியாளர்கள் இதை அறியாதவர் அல்லர். 2012இல் நெதர்லாந்து நாட்டில் அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் எண்ணையும் கேட்டு, அந்நோவு தாங்கத்தக்கதா என்றும் கேட்டார்கள். 4 முதல் 6 வரை சொன்னவர்களில் பெரும்பாலோர் 'தாங்கிக்கொள்ளலாம்' என்றனர். மருத்துவ விதியோ 4ஐத் தாண்டினால் மருந்து கூட்ட வேண்டும் என்பது. இங்கே தேர்ச்சி மதிப்பெண்ணை வைத்தவர் ஒருவர், தேர்வு எழுதியவர் இன்னொருவர். 2017இல் ஆஸ்திரேலியாவில் மைல்ஸ் முதலியோர் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டில் நோவைக் குறிக்கச் சொன்னபோது, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் மாறினால்தான் நோயாளி 'இப்போது தேவலை' என்று உணர்கிறார் என்றும், 33க்குக் கீழ் இருந்தால் அவர் அதை ஏற்றுக்கொள்கிறார் என்றும் கண்டார்கள். இவ்வளவு குறைகள் இருந்தும் எண்ணை விட்டுவிட முடியாது. ஒருவரின் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட அது உதவும். ஆளோடு ஆளை ஒப்பிடத்தான் உதவாது.

அமெரிக்காவில் நடந்ததும் நமக்குப் பாடம். ஐந்தாம் உயிர்க்குறி என்னும் வழக்கு 1990ஆம் ஆண்டுகளின் நடுவில் அங்குதான் பிறந்தது. 2001இல் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு வலியை அளப்பதைக் கட்டாயமாக்கிற்று. எண்ணைக் குறைப்பதே நோக்கமாகிவிட்டபின், எண் குறையும்வரை அபின் இன மருந்து கொடுக்கும் பழக்கம் பரவலாயிற்று. மருந்து விற்போர் பேராசையும் சேர்ந்துகொண்டது. அப்பழக்கத்துக்கு அடிமையாகி மாண்டவர் தொகை இலட்சக்கணக்கில் ஏறிற்று. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்த வழக்கைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தேர்ச்சி விழுக்காடு ஒன்றையே குறியாகக் கொண்ட பள்ளியில் கல்வி என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். அதே கதைதான் அங்கும். நம் நாட்டிலோ நிலைமை வேறு; இங்கே மார்பின் பயன்படுத்துவது அமெரிக்காவை நோக்க மிகக் குறைவு. ஆதலின் அவர்களுடைய அச்சத்தை அப்படியே இறக்குமதி செய்துகொண்டு நம் பாட்டிமார்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கச் செய்வது அறமாகாது.

நிற்க. இத்துறையில் நான் படித்த கட்டுரைகளுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது 1964இல் பாஸ்டன் நகரத்து எக்பர்ட் என்னும் மயக்க மருத்துவரும் அவர் தோழர்களும் எழுதியது. அதன் அமைப்பு மிக எளிது. வயிற்றில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 97 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை மயக்க மருத்துவர் வழக்கம்போல் முன்னாள் மாலை பார்த்து, மயக்க மருந்தைப் பற்றி மட்டும் பேசிப் போனார். மற்றப் பிரிவினரிடம் அதற்கு மேலும் சற்று நேரம் அமர்ந்து பேசினார். நாளைக்கு எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். வெட்டுக்காயத்தின் அடியிலுள்ள தசை இறுகுவதால்தான் வலி மிகுகிறது, அதைத் தளர்த்தினால் தணியும் என்று விளக்கினார். மூச்சை ஆழ இழுத்து விடக் கற்பித்தார். கட்டிலுக்கு மேல் தொங்கவிட்ட பிடியைப் பற்றி எப்படி எழுவது, கைகால்களை ஊன்றி எப்படிப் புரண்டு படுப்பது என்று செய்து காட்டினார். அதன்பின்னும் தாங்க முடியாவிட்டால் மருந்து கேளுங்கள், கொடுப்பார்கள் என்றும் சொன்னார். சிகிச்சைக்குப் பின்னும் வந்து அப்பாடத்தை நினைவூட்டினார். எவர் எந்தப் பிரிவு என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. முடிவு என்ன? பாடம் கேட்டவர்களுக்குத் தேவைப்பட்ட கடுமருந்து ஏறத்தாழப் பாதியாயிற்று. அவர்கள் சராசரி 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குண்டான மகிழ்ச்சியை மறைக்க வேண்டுவதில்லை. அந்த மருத்துவர் கொடுத்தது ஊசியன்று, பாடம். நோக்கம் சொல்லி, விளக்கி, செய்து காட்டி, செய்யச் சொல்லி, மறுநாள் மீள்பார்வை செய்தார். பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்திட்டத்தின் படிகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. ஆயினும் மகிழ்ச்சி காரணமாகத் திறனாய்வைக் கைவிடலாகாது. பாடம் நடத்தியவரே ஆய்வையும் நடத்தினார். தம் மாணவர் தேறவேண்டும் என்னும் ஆர்வம் எவருக்கும் இருக்கும். மேலும் ஓர் ஊரில் 97 பேரிடம் கண்டதை உலகுக்கெல்லாம் பொதுவாக்க முடியாது. 2016இல் காக்ரேன் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பினர் இவ்வகையான 105 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். முன்னதாகவே விளக்கிச் சொல்லி உள்ளத்தை ஆயத்தப்படுத்தினால் ஆஸ்பத்திரியில் தங்கும் காலம் ஏறத்தாழ அரைநாள் குறைகிறது என்றும், சான்றுகளின் தரம் தாழ்வானது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இரண்டே முக்கால் நாள் அரைநாளாகச் சுருங்கிவிட்டது. இதில் எனக்கு ஏமாற்றமில்லை. 1964இல் நோயாளிகளை ஆஸ்பத்திரியிலேயே நெடுநாள் வைத்திருந்தார்கள். குறைப்பதற்கு நாட்கள் இருந்தன. இன்று மூன்றாம் நாளே அனுப்பிவிடுகிறார்கள். அரைநாள் ஆனாலும் பேச்சுக்கு விலை இல்லை என்பதை நினைக்க வேண்டும்.

அடுத்து, பலரும் பாராட்டும் ஒரு கட்டுரையைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்டது அது. பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் ஏடுகளைப் புரட்டி, சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும், செங்கற் சுவர் தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும் இணை இணையாக ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் கடுமருந்து குறைவாக வாங்கினார்கள். ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாகப் போனார்கள். அழகான முடிவு; மேற்கோளாகக் காட்டாதவர் இல்லை. ஆனால் 46 பேர் என்பது நம் பள்ளியில் ஒரு வகுப்பு. அதுவும் பழைய ஏடுகளிலிருந்து பொறுக்கியது. ஒரு நுணுக்கத்தை மட்டும் நான் மெச்சுகிறேன்: மரங்களில் இலை இருக்கும் மாதங்களில் சிகிச்சை பெற்றவர்களை மட்டுமே அவர் கணக்கில் சேர்த்தார். மலாக்காவில் அவ்வாய்வைச் செய்பவர் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களை நீக்க வேண்டியிருக்கும். இப்போது நம் தோட்டங்களில் ரப்பர் ஏது? எங்கும் செம்பனைதான், செம்பனை உதிர்வதில்லை.

இனிக் கசப்பான பகுதி. தேர்வில் பார்த்தெழுதும் மாணவனை நாம் கண்டிருக்கிறோம். இத்துறையில் தேர்வே எழுதாமல் மதிப்பெண் வாங்கிய ஒருவர் இருந்தார். ஸ்காட் ரூபன் என்னும் அமெரிக்க மயக்க மருத்துவர் மேற்சொன்ன பல்மருந்து முறையில் பெரும்புலவர் எனப் பெயர் பெற்றவர். 2009இல் அவருடைய 21 கட்டுரைகளில் உள்ள தரவுகள் பொய் என்று வெளிப்பட்டது. சிலவற்றில் நோயாளிகளே இல்லை. 2010இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் கட்டுரைகளில் பெரும்பாலும் புதிய மருந்து வெற்றி பெற்றே வரும். எல்லா மாணவரும் எல்லாப் பாடத்திலும் தேறியதாக அறிக்கை வந்தால் கல்வி அதிகாரி ஐயுறுவார். பத்தாண்டுக்கு மேல் எந்த ஆசிரியக் குழுவும் ஐயுறவில்லை என்பதே எனக்குப் புதிர். அவர் பொய்யை நம்பி உலகெங்கும் மருத்துவர்கள் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, இது வெறும் எழுத்துத் திருட்டைப் போன்றதன்று என்பது விளங்கும்.

அவருக்கு நேர் எதிரே நிற்பவர் ஒருவரையும் குறிப்பிட்டாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு நோவு தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நில்லாது என்று கருதி, 1980ஆம் ஆண்டுகளில்கூடப் பல இடங்களில் குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் மருத்துவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வலி தணிக்கும் மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அதிர்ச்சி மிகக் குறைவாகவும், பெறாத குழந்தைகளுக்குப் பின்விளைவுகள் மிகுதியாகவும் இருப்பதைக் காட்டினார். சொல் இல்லாதவர்களுக்கு இரத்தத்தில் ஊறும் சுரப்பு நீர்களைக் கொண்டு அவர் பேசினார். உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட இலக்கணத்தில், ஒருவரால் சொல்ல இயலாமை அவருக்கு நோவு இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று குறித்திருப்பது இதன் தொடர்ச்சியே. என் தாயாருக்கும் அவ்வாக்கியம் பொருந்தும் என நான் நினைத்துக்கொள்கிறேன். அவருக்குச் சொல் இருந்தது. கேட்ட மொழியில் இல்லை.

ஈண்டுத்தான் தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. 'வலி' என்னும் சொல் பழந்தமிழில் வலிமை என்னும் பொருளையே பெரிதும் தந்தது. திருக்குறளில் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே உண்டு. அது நோவைப் பற்றியதன்று, பகைவனுடைய வலிமையையும் தன் வலிமையையும் அறிவதைப் பற்றியது. துன்ப உணர்ச்சிக்குப் பழையவர் வழங்கியவை நோ, நோய், நோதல், நொந்து என்பவை. இழுத்தல் என்னும் பொருளுள்ள 'வலித்தல்' தசை இழுப்புக்கு வந்து, அதனின்று எல்லா நோவுக்கும் பரவியது போலும். இன்றும் யாழ்ப்பாணத்தார் 'நோகுது' என்பர். தமிழகத்தார் 'வலிக்குது' என்பர். நம் தோட்டங்களில் கிராணிமாரும் டிரெசர்மாரும் பலர் யாழ்ப்பாணத்தாராகவும் மலையாளிகளாகவும் இருந்தமையால், "எங்கே நோகுது?" என்று கேட்ட டிரெசரிடம் பாட்டி 'வலி' சொல்லிய காட்சி நம் லயங்களில் புதிதன்று. இப்போது மூன்றாவதாக மலாய் 'சாக்கிட்' வந்து சேர்ந்திருக்கிறது. அச்சொல்லுக்கு நோவு என்றும் பொருள், நோய் என்றும் பொருள். "சாக்கிட் பெராப்பா?" என்னும் வினாவைப் பாட்டி 'உன் நோய் எவ்வளவு?' என்று கொண்டால், கல்லை எடுத்தாகிவிட்டபடியால் 'கொஞ்சந்தான்' என்று விடையிறுப்பது இயல்பே. நம் பழஞ்சொல் 'நோய்' உம் இவ்விரு பொருளையும் தாங்கியதே என்பது நினைக்கத் தக்கது.

மேனாட்டார் சொல்லின் அருமையை உணராதவர் அல்லர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்டு மெல்சாக், ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் வழங்கும் சொற்களைத் திரட்டி, 1971இல் டார்கர்சன் என்பவரோடு வகைப்படுத்தினார். 1975இல் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி ஒரு வினாப்பட்டியல் ஆக்கினார். எண் 'எவ்வளவு' என்று கேட்கும். இப்பட்டியல் 'எத்தகையது' என்று கேட்கும். இவ்வினா வெறும் சொல்விளையாட்டன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் நோவு ஒரே இனம் அன்று. வெட்டுக்காயத்தின் நோவு வேறு, குடலின் நோவு வேறு, நரம்பு அறுபட்டதால் வரும் நோவு வேறு. மூன்றாவது வகைக்கு மார்பின் சரியாகக் கேட்காது; அதற்கு வேறு இன மருந்து உண்டு. இன்னது நரம்பு நோவு என்று மருத்துவர் ஐயுறுவது பெரும்பாலும் நோயாளியின் சொல்லைக் கொண்டுதான்: எரிகிறது, மின்சாரம் அடித்தாற்போல் இருக்கிறது, எறும்பு ஊர்கிறது, மரத்துப்போய்விட்டது என்பவை அதன் அடையாளம். 1998இல் வட பிரிட்டனில் வலிச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 5,130 பேரை ஆராய்ந்தபோது, ஐவரில் ஒருவருக்கு மேல், 22.5 விழுக்காட்டினர், பழைய அறுவைச் சிகிச்சை ஒன்றையே தம் நீங்கா நோவுக்குக் காரணமாகக் கொண்டிருந்தனர். அத்தகைய நோவை முதல் வாரத்திலேயே சொல்லால் பிடித்துவிட்டால் எவ்வளவு நலம்! 'டுவா' என்னும் எண்ணில் அது பிடிபடாது.

பண்டைத் தமிழர் புண்ணை அறிந்தவர்கள். பதிற்றுப்பத்தில் மார்பின் விழுப்புண்ணை நீண்ட வெள்ளூசியால் தைத்த செய்தி வருகிறது. குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை அவ்வூசிக்கு உவமை கூறுகிறார் புலவர். புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டில், புண்பட்டுக் கிடக்கும் வீரனைச் சுற்றி வேப்பிலை செருகி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, ஐயவி சிதறி, நறும்புகை எழுப்பிக் காஞ்சிப் பண் பாடிக் காக்கிறார்கள் பெண்டிர். இதை மூடப்பழக்கம் என்று உரையாசிரியர் சிலர் கடந்து போவர். 'அன்றே நாம் இசைமருத்துவம் கண்டோம்' என்று மேடையில் முழங்குவோர் வேறு சிலர். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இசை கேட்பித்த எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. நோவும் கவலையும் மருந்துத் தேவையும் குறைந்தன. ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறையவில்லை. இது இசையின் அளவான பயன். புறநானூற்றுப் பெண்கள் பேய்க்கு அஞ்சிப் பாடினார்கள், ஆராய்ச்சிக்காக அன்று. அவர்கள் செய்ததில் பயன் இருந்திருக்கலாம். அவர்கள் சொன்ன காரணம் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே பழம்பாட்டையும் புதிய ஆய்வையும் ஒருங்கே படிக்கத் தகுதியுடையவன். ஆனால் ஒன்று: அப்பாட்டில் நோயாளி தனித்துக் கிடக்கவில்லை. திருவள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுங்கால் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே எண்ணினார்.

தமிழிலேயே அறுவை மருத்துவம் கற்பிக்க முடியும் என்பது பழைய செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 'இரண வைத்தியம்' உள்ளிட்ட நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்நூல்களின் நடை இன்று கடினமாகத் தோன்றும்; வடசொற் கலப்பு மிகுதி. ஆயினும் அவர் மருத்துவனுக்குச் சொல் தேடினார். நோயாளியின் சொல்லைத் தேடுவது இன்னும் நமக்கு எஞ்சியிருக்கும் வேலை.

அவ்வேலையில் ஒரு சிறு பகுதியைச் சென்ற ஆண்டு எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டேன். வீட்டுப் பெரியவர்களிடம் நோவைக் குறிக்கும் சொற்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். ஒவ்வொன்றும் உடம்பில் எங்கே, எப்போது வரும் என்பதையும் குறிக்க வேண்டும். மொழிப்பாடத்துக்கென்று கொடுத்ததுதான். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், காந்தல், பிடிப்பு, சுளுக்கு, இசிவு, திமிர், கனப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுரீரென்று இழுத்தல், நச்சு நச்சென்று இடித்தல் எனப் பட்டியல் நீண்டது. இரட்டைக் கிளவிகள் மட்டும் ஒரு பக்கம். ஒரு சிறுமி 'நொம்பலம்' என்று எழுதி வந்தாள். பாட்டி கோயம்புத்தூர்ப் பக்கத்தவர். வகுப்பில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. 'கடுப்புக்கும் உளைச்சலுக்கும் என்ன வேறுபாடு?' என்று நான் கேட்டபோது ஒரு பையன், "கடுப்பு மரம் வெட்டிட்டு வந்தா வர்றது சார், உளைச்சல் ராத்திரி தூங்கவிடாதது" என்று தன் பாட்டி சொன்னதைச் சொன்னான். அகராதியில் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

அப்பட்டியலைச் செம்மைசெய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மலாய்ச்சொல்லும் எழுதி, ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரிடம் காட்டினேன். ஜாசினில் குடியிருக்கும் அன்பர் அவர். மூன்று இடங்களில் திருத்தினார். 'திமிர்' என்பதற்கு நான் எழுதிய மலாய்ச்சொல் செருக்கைக் குறிப்பது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அட்டையின் தலைப்பில் 'வலி எவ்வளவு?' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'இருமினால் எப்படி இருக்கிறது?' என்று எழுதிக் கொடுத்தார்.